ஊருக்குச் சாமான் அனுப்ப: விமானமா, கப்பலா, லாரியா?

வளைகுடாவில் உழைக்கும் நம் சகோதரர்கள் பலர் எங்களிடம் கேட்கும் கேள்வி இது.

விமானம்: சில நாட்களில் வந்துவிடும், கட்டணம் அதிகம். எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 6000-ஆல் வகுப்பார்கள். அந்தக் கணக்கு, உண்மை எடை இரண்டில் எது கூடுதலோ அதற்கே காசு. 60×50×40 அளவுள்ள பெட்டியில் 12 கிலோ கம்பளி இருந்தாலும் 20 கிலோவுக்குக் கட்ட வேண்டும். அவசரமான, சிறிய பொருள்களுக்கே இது ஏற்றது.

கப்பல்: பல வாரங்கள் ஆகும். இடத்தைக் கன மீட்டரில் கணக்கிடுவார்கள். கம்பளி, பாத்திரம், மின்சாதனம் போன்றவற்றுக்கு இதுவே சிக்கனம். துறைமுகச் செலவுகள் தனியாக வரலாம்.

லாரி: துபாயிலிருந்து ரியாத், மஸ்கட் போன்ற ஊர்களுக்குச் சரி. இந்தியாவுக்கு வராது.

எதில் அனுப்பினாலும், வீடு வந்து சேரும்வரை மொத்தச் செலவு எவ்வளவு, சுங்கவரி யார் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். பிறர் கொடுக்கும் பார்சலைப் பிரித்துப் பார்க்காமல் உங்கள் பெயரில் அனுப்பாதீர்கள். சுங்கத்தில் பிடிபட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.