முதலில் எந்தக் கதவைத் தட்டுவது?

உடையார்கட்டில் வீடுகளுக்குச் செல்கையில் சகோதரிகள் எம்மிடம் கேட்பது இதுதான்: "இவரின்ரை குடியை மாத்த எங்க கொண்டுபோறது?"

குடிக்கு அடிமையாதல் ஒரு நோய். கோயிலில் சத்தியம் வாங்கி அதை மாற்ற முடியாது. நாள்தோறும் அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். அடுத்து நடுக்கம், காய்ச்சல், மனக்குழப்பம் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே வைத்தியரின் கண்காணிப்பிலேயே நிறுத்த வேண்டும்.

அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவே முதற் கதவு. சிகிச்சை இலவசம். கசிப்போ, கஞ்சாவோ, எதையும் மறைக்காதீர்கள். எவ்வளவு, எத்தனை வருடமாக, கடைசியாக எப்போது எனச் சொல்லுங்கள். உளநலப் பிரிவுக்கு அனுப்பும்படி கேளுங்கள். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம்.

அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது போய்ப் பேசுங்கள். குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980 இல் சென்னையில் தொடங்கிய சிகிச்சை நிலையம், குடும்பத்தினருக்கும் உளவளத்துணை வழங்குகிறது. நோய் ஒருவருக்கு, வேதனை வீட்டுக்கே என்பதுதான் காரணம்.

வீட்டில் அடி விழுந்தால் உங்கள் பாதுகாப்பே முதலில். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

சிகிச்சைக்குப் பின் அவர் மீண்டும் குடிக்கக்கூடும். அது உங்கள் தோல்வியல்ல. மறுபடியும் அதே கதவைத் தட்டுங்கள்.