மீன் விழுதுக்கு வரி

‘கிராப் ஸ்டிக்’ என்று கடையில் விற்பதில் பெரும்பாலும் நண்டே இருக்காது. வெள்ளை மீனின் சதையைக் கழுவி, அரைத்து, உறையவைத்த ‘சுரிமி’ விழுதுதான் அது. வெளிநாட்டிலிருந்து வரும் இந்த விழுதுக்கு 30 சதவீதம் சுங்கவரி இருந்தது. 2025 பிப்ரவரி மத்திய பட்ஜெட்டில் அதை 5 சதவீதமாகக் குறைத்தார்கள். விழுதை வாங்கிப் பண்டமாக்கி ஏற்றுமதி செய்யும் ஆலைகளுக்கு இது பெரிய சலுகை. நம் கரையில் பிடிபடும் மீனின் விலை இதனால் சரியாமல் பார்த்துக்கொள்வதும் அரசின் கடமைதான். அதே பட்ஜெட்டில், மீன், இறால் தீவனத்தில் சேர்க்கும் மீன் ஹைட்ரோலைசேட்டின் வரியும் 15-லிருந்து 5 சதவீதமானது. இறால் பண்ணையில் பெருஞ்செலவே தீவனம்தான். அதனால் தீவன மூட்டையின் விலையிலும் இந்தக் குறைப்பு தெரிய வேண்டும்.