எலும்பு கூடினால் போதுமா?

முதுநிலை மருத்துவம் பயில்வோர் தங்கள் மூன்றாண்டுப் படிப்பில் மூன்று மாதங்களை மாவட்ட மருத்துவமனைகளில் பணியாற்றிக் கழிக்க வேண்டும் என்ற விதி 2020-இல் அறிவிக்கப்பட்டது. இப்பயிற்சியை நிறைவு செய்யாதவர்கள் இறுதித் தேர்வை எழுத இயலாது. மருத்துவர் பற்றாக்குறையை ஈடுகட்டும் ஏற்பாடாக இது கருதப்படலாம். ஆனால், எலும்பு முறிவு அறுவை சிகிச்சை பயிலும் மாணவருக்கு, கல்லூரி மருத்துவமனையில் எளிதில் கிடைக்காத பாடம் ஒன்று இதில் உள்ளது.

காஞ்சிபுரத்தையே எடுத்துக்கொள்வோம். சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையும் தொழிற்சாலைகளும் உள்ள இம்மாவட்டத்தில் விபத்துக் காயங்கள் புதியவை அல்ல. விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்கும் தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. உயிர் காக்கப்பட்ட பிறகு எழும் கேள்வி, பிழைப்பைப் பற்றியது.

பட்டு நெசவாளர் குழித்தறியில் அமர்ந்து, குழிக்குள் கால்களை இறக்கி, மிதிகளை மாறி மாறி அழுத்துகிறார். எக்ஸ்ரே படத்தில் கணுக்கால் எலும்பு சரியாகக் கூடியிருந்தாலும், மூட்டு அசைய மறுத்தால் தறி நின்றுவிடும். நீண்ட நாள் மாவுக்கட்டு மூட்டை இறுக்கிவிடக்கூடும். உலோகத் தகடு பொருத்தினால் விரைவில் அசைக்கலாம், ஆனால் கிருமித் தொற்று அபாயம் உண்டு. இரண்டில் எது என்பதைத் தீர்மானிக்க, நோயாளியின் எலும்பை மட்டுமல்ல, தொழிலையும் அறிந்திருக்க வேண்டும்.

வட மாவட்டங்களில் எலும்பு முறிந்தால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது புத்தூர் கட்டுதான். எல்லா முறிவுக்கும் அறுவை சிகிச்சை தேவையில்லை என்பதும் உண்மையே. ஆனால், அளவுக்கு மீறி இறுக்கப்பட்ட கட்டு இரத்த ஓட்டத்தைத் தடுத்து, கை காலையே பறித்துவிடலாம். தோலைக் கிழித்து எலும்பு வெளிப்பட்ட காயத்தில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். தாமதமாக வந்தவரைக் கடிந்துகொள்வதால் பயனில்லை. கத்தி வைப்பார்கள் என்ற அச்சம், இழக்கப்போகும் கூலி, உடன் தங்க ஆளில்லாத நிலை ஆகியவற்றைக் கேட்டறிவதும் மருத்துவமே.

இவை அனைத்தும் தாமாக வந்துவிடுவதில்லை. வழிகாட்டும் நிபுணர் அருகில் இல்லையென்றால், மாணவர் தவறையும் பழக்கமாக்கிக்கொள்வார். நோயாளி அதற்கு விலை கொடுப்பார். மேலும், முறிந்த கால் எலும்பு முழுமையாகக் கூட மூன்று மாதங்களுக்கு மேலும் ஆகலாம். அதாவது, தான் சிகிச்சையளித்தவர் ஊன்றுகோலின்றி நடப்பதைப் பாராமலேயே மாணவர் கல்லூரிக்குத் திரும்பிவிடக்கூடும்.

எனவே, பயிற்சிக் குறிப்பேட்டில் செய்த அறுவை சிகிச்சைகளின் எண்ணிக்கை மட்டும் போதாது. அடுத்து வரும் மாணவர் அந்த நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, அவர்கள் எப்போது வேலைக்குத் திரும்பினார்கள் என்பதைப் பதிவு செய்து, முன்னவருக்குத் தெரிவிக்க வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. தறி மீண்டும் ஓடியதா என்று அறியாதவரை, சிகிச்சை வென்றது என்று எப்படிச் சொல்ல முடியும்?