பேரக்குழந்தைக்குப் புடவை விரிப்பா? ஊசியை எண்ணுங்க!

மகளுக்கு ஏழாம் மாசம் பிறந்ததுமே பரணிலிருந்து பழைய புடவைகளை இறக்கியாச்சா? நூல் புடவையாக இருந்தால் சந்தோஷம். நைலக்ஸ், பாலியஸ்டர் வேண்டவே வேண்டாம். வேர்வையை உறிஞ்சாது, பச்சை உடம்பில் வேர்க்குரு கிளம்பிவிடும்.

முதலில் வெந்நீரில் அலசி, வெயிலில் காயப் போடுங்கள். சுருங்குகிற துணி இப்போதே சுருங்கட்டும். ஜரிகையையும் இற்றுப்போன இடங்களையும் வெட்டிவிட்டு நாலு மடிப்பாக விரியுங்கள். நடுவில் ஆரம்பித்து ஓரத்துக்குத் தைத்துப் போனால் சுருக்கம் விழாது.

மடிப்பு நகராமலிருக்க குண்டூசி குத்துவோம் இல்லையா? அங்கேதான் ஆபத்து. உள்ளே புதைந்தால் கண்ணுக்கே தெரியாது. பதிலாக, பெரிய பெரிய இழையாகத் தைத்துப் பிடித்துக்கொண்டு, கடைசியில் உருவிவிடலாம். தையல் ஊசியையும் எண்ணி எடுத்து, எண்ணி வையுங்கள். ஒன்று குறைந்தாலும், கிடைக்கும்வரை விரிப்பு குழந்தைகிட்டே போகக்கூடாது. காந்தத்தை மேலே ஓட்டித் தேடுங்கள்.

தைத்தாச்சு, போர்த்திவிடலாமா? ஒரு வயதுவரை கூடாது! தூங்கும்போது முகத்தில் சரிந்தால் குழந்தைக்கு விலக்கத் தெரியாது, மூச்சு அடைத்துவிடும். "நாங்க வளர்க்கலையா?" என்று பாட்டிகள் முறைப்பது புரிகிறது. விழித்திருக்கும்போது தரையில் விரித்துக் குப்புறப் போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து கொஞ்சுங்களேன்.