வானத்தைக் காணச் செல்வோம்

ஆலைப் புகையும் விளக்கொளியும் சூழ்ந்த வியாசர்பாடியில், இரவு வானில் எண்ணத்தக்க சில விண்மீன்களே நம் பிள்ளைகளுக்குத் தெரிகின்றன. பால்வீதியைப் பாடநூலில் கற்கும் அவர்கள் அதனைக் கண்ணால் கண்டதில்லை.

இக்குறையை ஓரளவேனும் தீர்க்கவல்லது, 1988-ஆம் ஆண்டு கோட்டூர்புரத்தில் திறக்கப்பெற்ற பிர்லா கோளரங்கம். இங்கே குவிமாடத்தின் உட்புறமே திரையாகிறது. இருளில் அதன்மீது விண்மீன்களும் கோள்களும் ஒளியாய்த் தோன்றுகின்றன. ஓர் இரவு முழுவதும் வானில் நிகழும் நகர்வைச் சில நிமிடங்களில் கண்டுவிடலாம். இத்தகைய கருவி முதன்முதலில் 1923-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் இயக்கிக் காட்டப்பெற்றது. நம் கோளரங்கில் தமிழிலும் காட்சிகள் உண்டு.

வானியல் கற்பது விசுவாசத்தைக் குலைக்குமோ என அஞ்சும் பெற்றோரும் உளர். அவர்களுக்கு நாம் கூறுவது இதுவே: வத்திக்கான் வானாய்வு நிலையத்தை 1891-இல் புத்துயிர் பெறச் செய்தவர் பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர்.

புதிய திரைப்படத்திற்குக் குடும்பமாய்ச் செல்லத் தயங்காத நாம், விடுமுறையில் ஒரு நாளை இதற்கென ஒதுக்கலாகாதா? பின்னர், மார்கழி இரவொன்றில் பிள்ளைகளோடு மொட்டைமாடியில் நின்று, வரிசையாய் விளங்கும் மூன்று விண்மீன்களைத் தேடிக் காட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத மற்றவையும் அங்கேயே உள்ளன என்பதை அவர்கள் அப்போது அறிந்திருப்பர்.