பூங்காவுக்கு நன்கொடை: வரைபடம் யார் கையில்?

ஊருக்குள் புதிதாகப் பூங்கா வரப்போகிறது, செலவைத் தனியார் ஏற்கிறார்கள் என்றால் யாரும் குறுக்கே நிற்பதில்லை. மாநகராட்சிக்குக் காசு மிச்சம், நமக்கு நிழல். ஆனால் அந்த நன்கொடை முதலில் எங்கே நுழைகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் மண் வெட்டும்போது அல்ல, வரைபடம் போடும்போதே நுழைந்துவிடுகிறது. நில அளவை, மண் பரிசோதனை, திட்ட அறிக்கை, ஆலோசகர் கட்டணம் எல்லாவற்றையும் நன்கொடையாளர் ஏற்றால், ஆலோசகரைத் தேர்ந்தெடுப்பவரும் அவரே. வரைபடத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் ‘உணவகம்’, ‘கட்டண வாகன நிறுத்தம்’ என்று இருக்கும். மன்றக் கூட்டத்துக்குத் தீர்மானம் வரும்போது கவுன்சிலர்கள் கைதூக்குவதுதான் பாக்கி.

லண்டனில் தேம்ஸ் நதியின் மேல் மரஞ்செடிகளோடு ‘கார்டன் பிரிட்ஜ்’ என்றொரு பாலம் கட்டத் திட்டமிட்டார்கள். தனியார் நன்கொடையில் நடக்கும் என்றுதான் முதலில் பேச்சு. அறக்கட்டளை அமைத்தார்கள், அரசும் பணம் போட்டது, தென்கரையில் நிலம் கைக்கு வருமுன்பே கட்டுமான ஒப்பந்தமும் போட்டார்கள். போதுமான நன்கொடை சேரவில்லை. 2017 ஏப்ரலில் வந்த பிரிட்டிஷ் எம்.பி. மார்கரெட் ஹாட்ஜின் ஆய்வறிக்கை திட்டத்தைக் கைவிடச் சொன்னது. லண்டன் மேயர் சாதிக் கான் பராமரிப்புச் செலவுக்கு உத்தரவாதம் தர மறுத்தார். ஆகஸ்டில் எல்லாம் முடிந்தது. ஒரு தூண்கூட எழவில்லை. செலவோ சுமார் 5.3 கோடி பவுண்டு, அதில் 4.3 கோடி பொதுப்பணம். கட்டியிருந்தாலும், நிதி திரட்டும் விழாக்களுக்காக ஆண்டுக்கு 12 நாள் பொதுமக்களை உள்ளே விடாமல் மூடுவதாகத் திட்டம். மக்கள் வரிப்பணத்தில் கட்டும் பாலத்தில் மக்களே நுழைய முடியாத நாட்கள்!

நம் நாட்டுக் கதை இன்னும் கசப்பு. லக்னோ அமீனாபாத்தில் ஜண்டேவாலா பூங்காவுக்குக் கீழே ஒரு கட்டுமான நிறுவனம் தன் சொந்தச் செலவில் வணிக வளாகம் கட்டிக்கொள்ள மாநகராட்சி டெண்டர் இல்லாமல் ஒப்பந்தம் போட்டது. 1999இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒப்பந்தத்தை ஏற்கவில்லை. கட்டியதை இடித்துப் பூங்காவை மீட்கச் சொன்னது. பூங்கா மக்களுக்கானது, மாநகராட்சி அதன் காவலர் மட்டுமே என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்த வழக்கில், அப்பகுதிவாசிகளுக்கு வழக்குத் தொடரும் உரிமை உண்டென்று 1991இலேயே அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

தமிழ்நாட்டில் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகளைக் காக்க 1959ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பொதுமக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும் ‘நமக்கு நாமே’ திட்டமும் உண்டு. நிறுவனம் சிஎஸ்ஆர் (நிறுவன சமூகப் பொறுப்பு) பணம் தருவதாகச் சொன்னால் ஒன்றை நினைவில் வையுங்கள்: தன் பொருளுக்கு விளம்பரம் தேடிக்கொள்ளும் ஸ்பான்சர் செலவை 2021இல் திருத்திய விதிகள் சிஎஸ்ஆராக ஏற்பதில்லை. வாசலில் ஆளுயரத்துக்கு நிறுவனப் பெயர்ப்பலகை வந்தால், எந்தக் கணக்கில் இந்தச் செலவு என்று கேட்கலாம்.

கேட்கவேண்டிய நேரம் திறப்பு விழா அல்ல, வரைபடம் மேசையில் இருக்கும்போது. தகவல் உரிமைச் சட்டத்தில் ரூ.10 கட்டி மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனுப் போடுங்கள். நன்கொடையாளரோடு செய்த ஒப்பந்தத்தின் நகல், மன்றத் தீர்மானம், ஆலோசகரைத் தேர்ந்தெடுத்த முறை, வெட்டப்படும் மரங்களின் பட்டியல், நுழைவுக் கட்டணம் உண்டா என்பது, பராமரிப்பை யார் எத்தனை ஆண்டுக்குப் பார்ப்பார்கள் என்பது ஆகியவற்றைக் கேளுங்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். நீரூற்றை வைத்துக் கொடுக்க ஆள் கிடைக்கும். அதன் மோட்டார் பழுதானால் மாற்றித்தர ஆள் கிடைப்பது அரிது. நகல் மட்டுமல்ல, கோப்பை நேரில் பார்க்கவும் பணியை நேரில் ஆய்வு செய்யவும் அதே சட்டம் உரிமை தருகிறது. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் திருப்தி இல்லையென்றால் மாநிலத் தகவல் ஆணையம். ‘வணிக ரகசியம்’ என்று மறுத்தால், பொதுநலன் பெரிதென்று அந்த மேல்முறையீட்டிலேயே வாதிடலாம்.

இதற்கிடையே வார்டு கவுன்சிலரிடம் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்து, பகுதி சபையில் பேசிப் பதிவு செய்யுங்கள். முதல்வரின் உதவி எண்ணான 1100இல் புகார் சொல்லலாம். முறைகேடு என்று ஆவணம் கிடைத்தால் உள்ளாட்சி முறைமன்ற நடுவத்தை (ஆம்புட்ஸ்மன்) நாடலாம். மரம் வெட்டத் தொடங்கிவிட்டால் இதெல்லாம் தாமதம். உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போட்டு இடைக்காலத் தடை கேட்பதே வழி.

குடியிருப்போர் சங்கம் வீடுவீடாக வசூலிக்கும் பணத்திலும் கவனம் வேண்டும். பூங்காவுக்கென்று தனி வங்கிக் கணக்கு இருக்கட்டும். வருமான வரிச் சலுகை உண்டென்று சொன்னால் வசூலிக்கும் அமைப்புக்கு அதற்கான அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தாலும் ரூ.2,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடைக்காது. திட்டம் நின்றுபோனால் பணம் திரும்பி வருமா, வேறு வேலைக்குப் போகுமா என்பதை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.