குழந்தையின் நடையும் அடிப்பாத அழுத்தமும்

மேசைமேல் கிடத்திப் பார்த்தால் போதுமா?

பிம்ப்ரியில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனம் தோன்றிய 1954 முதலாக, அவ்வூரையும் சிஞ்ச்வடையும் சூழ்ந்தெழுந்த ஆலைகளை நாடி வந்து குடியேறியவர்களுள் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அத்தகைய வீடொன்றில் குழந்தையின் பாதம் சற்றுக் கோணலாகத் தோன்றிவிட்டால், வளர வளரத் தானே நேராகிவிடும் என்று பெரியவர்கள் அளிக்கும் ஆறுதலுக்கும், விசேஷப் பூட்ஸ் வாங்கி மாட்டுங்கள் என்று அக்கம்பக்கத்தார் கூறும் யோசனைக்கும் இடையே தாய் தந்தையர் படும் தவிப்பு சொல்லி மாளாது. இரண்டில் எது பொருந்தும் என்பதைக் குழந்தையைக் கிடத்திப் பார்த்தோ, எக்ஸ்ரே எடுத்தோ மட்டும் முற்றும் அறிய இயலாது. ஏனெனில், சரீரத்தின் பாரம் முழுவதும் பாதத்தின்மேல் இறங்கி ஏறும் நடையின்போதுதான் அதன் குறை முழுமையாக வெளிப்படுகிறது.

அழுத்தம் பதிவாகும் விதம்

நடக்கும் வழியின் நடுவே தரையோடு மட்டமாகப் பதித்த மெல்லிய தளமே, நடக்கையில் அடிப்பாத அழுத்தத்தை அளக்கும் பரீட்சையின் முக்கியக் கருவி. குழந்தை வெறுங்காலுடன் தன் இயல்பான வேகத்தில் அதன்மீது நடந்து செல்கையில், பாதத்தின் எப்பகுதி எத்தனை கிலோபாஸ்கல் அழுத்தத்தை எவ்வளவு நேரம் தாங்கிற்று என்பதைத் தளத்தினுள் நெருக்கமாக அடுக்கப்பட்ட நுண்ணிய சென்சார்கள் கணத்துக்குக் கணம் குறித்துக்கொள்ள, கணினித் திரையில் அது வர்ணப்படமாக விரிகிறது. ஊசியில்லை, கதிர்வீச்சில்லை, வலியில்லை. ஆயினும், பிறர் பார்க்கிறார்கள் என்ற கூச்சத்தில் குழந்தைகள் நடையை மாற்றிக்கொள்வார்கள்; ஆதலால் அவர்களைச் சற்று நேரம் விளையாட விட்டு, பல அடிகளைப் பதிவுசெய்து சராசரி காண்பவரே நல்ல பரிசோதகர்.

குறையற்ற பாதத்தில் பாரம் குதிகாலில் தொடங்கி, வெளியோரமாக முன்னேறி, விரல்களின் அடிமேட்டைக் கடந்து பெருவிரலில் விடைபெறும். அமெரிக்க விஞ்ஞானி ஹெர்பர்ட் எல்ஃப்ட்மன் 1934-இலேயே ரப்பர் விரிப்பையும் சினிமாக் காமிராவையும் கொண்டு இந்தப் பயணத்தைப் படம்பிடித்துக் காட்டினார்.

பிறவி வளைபாதம்

ஏறத்தாழ ஆயிரம் பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில், பாதம் உட்புறம் மடங்கிப் பிறக்கும் குழந்தைகள் உண்டு. மருத்துவர் இக்னேசியோ பொன்செட்டி வகுத்த முறைப்படி, பிறந்த சில வாரங்களுக்குள் தொடங்கி, வாரந்தோறும் மாற்றப்படும் மாவுக்கட்டுகளாலும், பெரும்பாலோர்க்குக் குதிகால் தசைநாணில் செய்யும் சிறு கீறலாலும், பின்னர் நான்கைந்து வயதுவரை இரவில் அணியும் பட்டைக்கட்டையாலும் (பிரேஸ்) இக்கால்கள் மிக நன்றாகவே நேராகின்றன. 2013-இல் தொடங்கிய மத்திய அரசின் ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரமத்திலும் இக்குறை இடம்பெற்றுள்ளது.

ஆனால், நேராகிவிட்டதென்று இரவுக் கட்டையைப் பெற்றோர் கைவிடும்போதே குறை திரும்ப வழி பிறக்கிறது. கண்ணுக்குப் பாதம் ஒழுங்காகவே தோன்றும் வேளையிலும், அழுத்தப்படத்தில் வெளியோரம் அளவுமீறிச் சிவந்தும், குதிகாலும் பெருவிரலும் பாரமின்றி வெளிறியும் இருக்குமாயின், மருத்துவர் எச்சரிக்கை அடைவார். இப்பரீட்சையின் பெரும்பயன் இதுவே என்பது என் கருத்து.

தட்டைப் பாதம்

சின்னஞ்சிறு குழந்தைகளுக்கெல்லாம் உள்ளங்கால் தட்டையாகவே இருக்கும். அங்குள்ள கொழுப்புத் திண்டு குறைந்து வளைவு தெளிவாகச் சில ஆண்டுகள் பிடிக்கும். ராவும் பெஞ்சமின் ஜோசப்பும் 4 முதல் 13 வயதுக்குட்பட்ட 2,300 இந்தியக் குழந்தைகளின் அடிச்சுவடுகளை ஆராய்ந்து 1992-இல் வெளியிட்ட ஆய்வில், காலணி அணிந்தவர்களுள் 8.6 சதவீதத்தினருக்கும், வெறுங்காலுடன் திரிந்தவர்களுள் 2.8 சதவீதத்தினருக்கும் மட்டுமே தட்டைப் பாதம் காணப்பட்டது. வலியின்றி ஓடியாடும் குழந்தைக்கு, நுனிவிரலில் எழுந்து நிற்கையில் வளைவு தோன்றுமானால், விலையுயர்ந்த பூட்ஸ் தேவையில்லை. வலியோ விறைப்போ இருந்தால் மட்டும், உட்புற நடுப்பாதத்தில் எவ்வளவு பாரம் விழுகிறதென்று அளந்தறிதல் நலம்.

உணர்ச்சி குன்றிய பாதம்

முதுகுத்தண்டுக் குறையுடன் பிறந்த சில குழந்தைகளுக்குப் பாதத்தில் உணர்ச்சி குன்றியிருக்கும். உணர்விழந்த காலில் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் விழும் அழுத்தமே புண்ணாகிறது என்பதை, கொல்லிமலையில் பிறந்து வேலூரில் தொழுநோயாளர்க்குத் தொண்டாற்றிய பால் பிராண்ட் உலகுக்கு உணர்த்தினார். ஆகையால், இக்குழந்தைகளுக்கு அழுத்தத்தை அளந்து பார்க்க வலி உண்டாகும்வரை காத்திருப்பது ஆபத்து.

பெற்றோர் செய்யத்தக்கது

பிம்ப்ரியின் டி. ஒய். பாட்டீல் மருத்துவமனையிலோ, யஷ்வந்த்ராவ் சவான் நினைவு மருத்துவமனையிலோ எலும்பு மருத்துவரிடம் முதலில் காட்டி, அழுத்தப் பரிசோதனை தேவையா, தேவையெனில் எங்கே செய்விக்கலாம் என்று கேட்பது முறை. குழந்தை வழக்கமாக அணியும் பழைய செருப்பையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். அதன் அடி எப்பக்கம் தேய்ந்துள்ளது என்பதையும் மருத்துவர் பார்ப்பார். முதற்பதிவின் பிரதியைப் பத்திரப்படுத்தி வைத்தால், அடுத்த பரிசோதனையில் எங்கே பாரம் கூடிற்று, எங்கே குறைந்தது என்பதை அதனுடன் ஒப்பிட்டு அறியலாம்.